முன்வாசலும் பக்கவாசலும்: ராக் இசையின் புகழ்க்கூடத்துக்கு யார் தகுதியானவர்?

1964 மே மாதம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரயில் போக்குவரத்து நின்றுபோன ஒரு ஸ்டேஷன். பழைய நடைமேடையை ஒரு டிவி நிறுவனம் அமெரிக்கத் தென்மாநிலத்துச் சின்ன ஊர் ஸ்டேஷன் மாதிரி மாற்றி வைத்திருக்கிறது. மரப்பெட்டிகள், மூட்டைகள், ஆடு, கோழி என்று எல்லாம் இருக்கின்றன. பார்க்க வந்த இளைஞர்கள் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்க நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய மழை ஒன்று அப்போதுதான் கொட்டி ஓய்ந்திருக்கிறது. குதிரை வண்டியில் 49 வயதுப் பெண்மணி ஒருவர் வந்து இறங்குகிறார். வெளிர்நிற நீளக் கோட்டு, குதிகால் உயர்ந்த செருப்பு. வெள்ளை எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். வேறு பாட்டோடு தொடங்குவதாக இருந்தவர், பெய்த மழையைப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிய ஒரு தேவாலயப் பாட்டைப் பிடிக்கிறார்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் என் கண் அவருடைய வலது கையில்தான் நிற்கும். பாட்டின் நடுவில் குரலை நிறுத்திவிட்டு, கிட்டாரைப் பேச விடுவார். கம்பியை வளைத்து, இழுத்து, அறைந்து வாசிக்கும் அந்த வாசிப்பைத்தான் பிற்பாடு உலகம் ராக் கிட்டார் என்று சொன்னது. அவர் பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1940-களிலேயே, எல்விஸ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில், அவர் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறிக்கொண்டிருந்தார். 1947-ல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரக் கச்சேரிக்கு முன்னால் ஒரு பையன் பாடுவதைக் கேட்டு, அவனைத் தன் மேடையிலேயே பாடவைத்தார். அந்தப் பையன்தான் பிற்பாடு ராக் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட்.

ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்க அமெரிக்காவில் உள்ள புகழ்க்கூடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். லிட்டில் ரிச்சர்ட் அதில் இடம்பெற்ற ஆண்டு 1986. அன்று அதே மான்செஸ்டர் நடைமேடையில் பாடிய புளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் இடம்பெற்றது 1987-ல். ரொசெட்டா தார்ப் இடம்பெற்றது 2018-ல். அதற்குள் அவர் இறந்து ஏறக்குறைய 45 வருஷம் ஆகிவிட்டிருந்தது. அதுவும் 'பாடகர், இசைக்கலைஞர்' என்ற முதன்மைப் பிரிவில் இல்லை. 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற தனிப்பிரிவில்.

தகுதி இருந்ததா என்று யாரும் இன்று கேட்கமாட்டார்கள். இவ்வளவு தகுதி இருந்தும் ஏன் 32 வருஷம் தாமதம், ஏன் அந்தப் பக்கவாசல் என்பதுதான் கேள்வி. பதில் தெரிய வேண்டுமானால் இந்தப் புகழ்க்கூடம் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

புகழ்க்கூடத்தின் அறக்கட்டளை 1983-ல் தொடங்கியது. தொடங்கியவர் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் தலைவர் அஹ்மத் எர்டெகுன். துருக்கித் தூதரின் மகனாக வாஷிங்டனுக்கு வந்து, கறுப்பின மக்களின் இசையில் மனதைப் பறிகொடுத்து, 1947-ல் கூட்டாளியோடு கம்பெனி ஆரம்பித்தவர். ரே சார்ல்ஸ், அரீத்தா ஃப்ராங்க்ளின் எல்லாம் அவர் கம்பெனியில் இசைத்தட்டு வெளியிட்டவர்கள். அவரோடு ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் யான் வென்னர், இசைத்தட்டு நிறுவன அதிபர் சீமோர் ஸ்டைன், இன்னும் சில வழக்கறிஞர்கள், நிறுவன நிர்வாகிகள் சேர்ந்தார்கள். இசையை நேசித்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. இசையை விற்றவர்களும் அவர்களே. எர்டெகுன் 1987-லும், வென்னர் 2004-லும், ஸ்டைன் 2005-லும் தாங்கள் கட்டிய கூடத்திலேயே இடம்பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் விழா 1986 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்தது. சக் பெர்ரி, ஜேம்ஸ் பிரவுன், ரே சார்ல்ஸ், சாம் குக், ஃபேட்ஸ் டாமினோ, எவர்லி சகோதரர்கள், பட்டி ஹாலி, ஜெர்ரி லீ லூயிஸ், லிட்டில் ரிச்சர்ட், எல்விஸ் பிரெஸ்லி. பத்துப் பெயரில் ஆறு கறுப்பினக் கலைஞர்கள். நிற விஷயத்தில் அந்த முதல் பட்டியல் வரலாற்றுக்கு நேர்மையாகவே இருந்தது. ஆனால் பத்தில் ஒரு பெண்கூட இல்லை. அடுத்த ஆண்டு அரீத்தா ஃப்ராங்க்ளின் வந்தார், முதல் பெண்ணாக. இன்று உலகம் புகைப்படத்தில் பார்க்கும் கண்ணாடிப் பிரமிடு, சீன அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்தது, ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் ஈரி ஏரிக்கரையில் 1995-ல் திறக்கப்பட்டது. 'ராக் அண்ட் ரோல்' என்ற சொல்லைப் பரப்பிய ஆலன் ஃப்ரீட் அந்த ஊர் ரேடியோவில்தான் பேசிக்கொண்டிருந்தார்; 1952-ல் அவர் ஏற்பாடு செய்த நடன நிகழ்ச்சியும் அங்கேதான் நடந்தது. ஊர்மக்கள் லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டுத்தான் அருங்காட்சியகத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

தேர்வு நடக்கும் விதம் இது. ஒரு கலைஞரின் முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு சுமார் 30 பேர் கொண்ட பரிந்துரைக் குழு கூடி, ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றும் பெயர்களை முன்வைத்து வாதாடி, பதினைந்து பெயர் அளவில் பட்டியல் போடும். அந்த வாக்குச்சீட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போகும்: இசை வரலாற்றாளர்கள், துறையில் இருப்பவர்கள், ஏற்கெனவே கூடத்தில் இடம்பெற்று உயிரோடு இருக்கும் கலைஞர்கள் எல்லாரும். அதிக வாக்கு வாங்கும் ஐந்து முதல் ஏழு பேர் அந்த ஆண்டுக் கலைஞர்கள். இது முன்வாசல்.

இந்த 25 ஆண்டு விதியைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. ஓர் இசை அதன் சொந்தக் காலத்தின் சத்தம் அடங்கிய பிறகும் கேட்கிறதா என்று பார்க்கக் கால் நூற்றாண்டு நியாயமான அளவுதான். நிர்வாணா குழு தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, 2014-ல் உள்ளே போனது. யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நம் பக்கத்திலிருந்தும் ஒரு பெயர் இந்த விதியின்கீழ் நெருங்கி வருகிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரினால் லண்டனுக்குத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தன் முதல் பாட்டை வெளியிட்டது 2003-ல். கணக்குப்படி இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவர் பெயரைப் பரிந்துரைக் குழு எடுத்துப் பேசலாம். பேசுமா என்பது வேறு.

சிக்கல் விதியில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. புகழ்க்கூடம் தனக்கென்று வைத்துக்கொண்ட அளவுகோல் தாக்கம். ராக் அண்ட் ரோல் வளர்ந்ததிலும் நிலைத்ததிலும் அந்தக் கலைஞருக்கு என்ன பங்கு என்பதே முதல் கேள்வி. விற்பனை இல்லை, பரிசு இல்லை, எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்பதும் இல்லை. இது சரியான அளவுகோல் என்றுதான் நானும் நினைக்கிறேன். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவின் இசைத்தட்டுகள் வெளிவந்த காலத்தில் சரியாக விற்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் எழுபதுகளுக்குப் பிந்திய நகர்ப்புற ராக் இசையில் பாதி வேறு மாதிரி இருந்திருக்கும். 1996-ல் அவர்களைச் சேர்த்தது இந்த அளவுகோலால்தான்.

ஆனால் தாக்கம் தராசில் நிற்கிற சரக்கு இல்லையே. யார் காதுக்கு எது விழுந்ததோ அதுதான் அவருக்குத் தாக்கம். அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வயதினராக, ஒரே பத்திரிகை படித்து வளர்ந்தவர்களாக இருந்தால், தங்கள் இளமையின் இசையையே உலகத்தின் மையமாகக் காண்பார்கள். அறுபதுகளில் வாலிபராக இருந்த அமெரிக்க விமர்சகர்களுக்குப் பாப் டிலனும் பீட்டில்ஸும் தெய்வங்கள். அவர்களில் பலருக்கு எழுபதுகளின் ஹார்ட் ராக் வெறும் இரைச்சல். விளைவு என்ன? டீப் பர்ப்பிள் 1993-லிருந்தே தகுதி பெற்றிருந்த குழு. சேர்க்கப்பட்டது 2016-ல்.

விழாவில் அவர்களை அறிமுகப்படுத்திப் பேச வந்தவர் மெட்டாலிக்கா என்ற ஹெவி மெட்டல் குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச். 1973-ல் கோபன்ஹேகனில் தன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு டீப் பர்ப்பிள் கச்சேரிக்குப் போன சிறுவன் அவர். அந்த இரவுதான் தன்னை இந்தப் பாதையில் தள்ளியது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். மெட்டாலிக்கா கூடத்தில் சேர்ந்தது 2009-ல். தாக்கம்தான் அளவுகோல் என்றால், தாக்கத்தை ஏற்றவர் உள்ளே போய் ஏழு வருஷம் கழித்துத் தாக்கத்தை உண்டாக்கியவர் வருவது எப்படி? இடையில் 2012-ல், அந்தக் குழுவின் ஒலிக்கே அடையாளமான ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் இறந்துபோனார்.

ரஷ் குழுவின் கதையும் இதேதான். கனடாவிலிருந்து வந்த மூன்று பேர். ரசிகர்கள் பதினைந்து வருஷம் போல முட்டிமோதிய பிறகு 2013-ல்தான் கதவு திறந்தது. இதெல்லாம் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம், பார்த்தால் பெரிய விஷயமாகத்தான் இருக்கிறது என்று டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் அன்று மேடையில் சொன்னார். கூட்டம் அடங்கவே இல்லை. புகழ்க்கூடம் என்ற ஏற்பாடே வீண் என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். கலைஞனுக்கு அங்கீகாரம் வேண்டும். வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 2006-ல் வசைக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு வராமலே இருந்தது. அவர்கள் பாடிய இசைக்கு அது பொருந்தும். எல்லாருக்கும் அந்த மனம் இருக்க வேண்டியதில்லை.

ரசிகர்களின் குரலுக்கு என்ன இடம்? 2012 முதல் ரசிகர் வாக்கெடுப்பு உண்டு. இணையத்தில் லட்சக்கணக்கானோர் வாக்களிக்கிறார்கள். அவ்வளவு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் பெயர்கள் ஒரே ஒரு வாக்குச்சீட்டாக, ஆயிரத்துச் சொச்சம் சீட்டுகளில் ஒன்றாகச் சேர்கின்றன. 2020-ல் டேவ் மேத்யூஸ் பேண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ரசிகர் வாக்கு; முதலிடம்; ஆனாலும் அந்த ஆண்டு இடமில்லை. 2025-ல் ஃபிஷ் குழுவுக்கும் அதே கதி. 2021-ல் நைஜீரியப் பாடகர் ஃபேலா குட்டி ரசிகர் வாக்கில் டீனா டர்னருக்கு அடுத்து இரண்டாமிடம் வந்தார். ஆப்பிரிக்காவே திரண்டு வாக்களித்தது. அவரும் அந்த ஆண்டு தேர்வாகவில்லை.

ரசிகர் வாக்கே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய ரசிகர் படை உள்ளவருக்கு ஏற்கெனவே உலகத்தின் அங்கீகாரம் இருக்கிறது. ஆளில்லாத நல்ல கலைஞனைத் தேடிப் பிடித்து முன்னே நிறுத்துவதுதான் கூடத்தின் வேலை. ஆனால் ஃபேலா விஷயம் வேறு. அங்கே ரசிகர்கள் சொன்னது 'எங்களுக்குப் பிடிக்கும்' என்பது மட்டுமில்லை. வாக்காளர்களின் காதுக்கு எட்டாத ஒரு கண்டம் முழுக்க இருந்த தாக்கத்தைச் சொன்னார்கள். அதைக் கேட்க ஒரே ஒரு சீட்டு போதாது.

ராக் என்றால் என்ன என்ற சண்டை தனி. 2007-ல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழு வந்தபோதே, ஹிப் ஹாப்புக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் நிறைய. 2016-ல் என்.டபிள்யூ.ஏ. குழு வந்தபோது ஐஸ் கியூப் மேடையிலேயே பதில் சொன்னார்: ராக் அண்ட் ரோல் ஒரு வாத்தியமும் இல்லை, ஒரு பாணியும் இல்லை, அது ஓர் ஆவேசம். நான் அவர் பக்கம். காரணம் வரலாறு. ராக் அண்ட் ரோல் பிறந்ததே தேவாலயப் பாட்டு, புளூஸ், கன்ட்ரி, நடன இசை எல்லாம் ஒன்றோடொன்று கலந்ததில்தான். கலப்பில் பிறந்த பிள்ளைக்குத் தூய்மைச் சான்றிதழ் கேட்பது எந்த நியாயம்? 2022-ல் கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன், அந்த உரிமையை நான் இன்னும் சம்பாதிக்கவில்லை என்று சொல்லித் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். வாக்குச்சீட்டுகள் போய்விட்டன, உங்கள் இசையும் இதன் வேர்களில் ஒன்று என்று அறக்கட்டளை பதில் சொல்லிப் பெயரை அப்படியே வைத்தது. அவர் தேர்வானார். ஏற்றுக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே முழு ராக் இசைத்தொகுப்பு ஒன்றைப் பாடி வெளியிட்டார். ஒரு கௌரவத்தை அவ்வளவு பொறுப்போடு வாங்கிக்கொண்ட இன்னொருவரை எனக்குத் தெரியாது.

இப்போது பக்கவாசலுக்கு வருகிறேன். மனதை அறுக்கிற இடம் இது.

வாக்களிப்பு இல்லாமல், சிறு குழு நேரடியாக முடிவுசெய்து சேர்க்கும் பிரிவுகள் மூன்று உண்டு. முன்னோடிகளுக்கு 'ஆரம்பகாலத் தாக்கம்'. பிற்பாடு அதற்கு 'இசைத் தாக்கம்' என்று பெயர் வைத்தார்கள். பிறருக்குப் பக்கபலமாக வாசித்தவர்களுக்கென்று 2000-ல் தொடங்கி, பத்து ஆண்டில் 'இசைச் சிறப்பு' என்று பெயர் மாறிய பிரிவு ஒன்று. தயாரிப்பாளர், நிறுவனத்தாருக்கு எர்டெகுன் பெயரில் ஒன்று. தொடக்கத்தில் இவற்றுக்குத் தெளிவான வேலை இருந்தது. புளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1938-ல் இறந்தவர். ராக் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம். அவரை முன்னோடி என்று சேர்த்தது சரி.

பிற்பாடு இந்தப் பிரிவுகள் வேறு வேலைக்குப் பயன்பட ஆரம்பித்தன. வாக்கில் திரும்பத் திரும்பத் தோற்றவர்களை உள்ளே கொண்டுவரும் வழி ஆயின. கிராஃப்ட்வெர்க் ஆறு முறை பட்டியலில் வந்து தோற்றது. 1970-ல் தொடங்கிய அந்த ஜெர்மன் குழு 2021-ல் 'ஆரம்பகாலத் தாக்கம்' என்று உள்ளே போனது; குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஃப்ளோரியன் ஷ்னைடர் அதற்கு முந்திய ஆண்டு இறந்திருந்தார். ராப் பாடகர் எல்.எல். கூல் ஜே-யும் ஆறு முறை தோற்றவர், 'இசைச் சிறப்பு' வழியாக வந்தார். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவும் 2022-ல் அப்படித்தான். ஷீக் குழு பதினொரு முறை பட்டியலில் ஏறிப் பதினொரு முறையும் தேறவில்லை. கடைசியில் 2017-ல் அதன் கிட்டார் கலைஞர் நைல் ராஜர்ஸை மட்டும் தனியே எடுத்துக் கௌரவித்தார்கள். அவருக்கு அதில் முழு மகிழ்ச்சி இல்லை. தன்னை மட்டும் குழுவிலிருந்து பிரித்து எடுத்தது அவருக்கு உறுத்தியது. கூட வாசித்த பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டோனி தாம்ப்சன் இருவருமே அதற்குப் பல ஆண்டு முன்பே காலமாகியிருந்தார்கள்.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள், அதையும் கேட்க வேண்டும். வாக்காளர்கள் செய்யும் தவற்றைத் திருத்த வேறு வழி இல்லை. பக்கவாசல் இல்லாவிட்டால் ரொசெட்டா தார்ப் இன்னும் வெளியேதான் நிற்பார் என்பார்கள். உண்மைதான். 2012-ல் இப்படி ஒரு திருத்தம் அழகாக நடந்தது. முதல் ஆண்டுகளில் பாடகர் ஸ்மோக்கி ராபின்சனை எடுத்துக்கொண்டு அவருடைய குழுவான மிராக்கிள்ஸை விட்டிருந்தார்கள். பட்டி ஹாலியை எடுத்து கிரிக்கெட்ஸை விட்டிருந்தார்கள். ஜேம்ஸ் பிரவுனை எடுத்து ஃபேமஸ் ஃப்ளேம்ஸை விட்டிருந்தார்கள். ஒரு தனிக்குழு போட்டு அப்படி விடுபட்ட ஆறு குழுக்களை ஒரே ஆண்டில் சேர்த்தார்கள். அதற்குள் அவர்களில் பலர் உயிரோடு இல்லை. ஆனாலும் பெயர் ஏறியது.

எனவே பக்கவாசலை மூடிவிட வேண்டும் என்பது என் வாதம் இல்லை. அந்த வழியாக யாரை அனுப்புகிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன். ஒரே ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன், போதும்.

1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பெயர் 'ஹவுண்ட் டாக்'. உறுமலும் கிண்டலுமாக, தன்னை ஏமாற்றியவனை வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் பெண்ணின் பாட்டு. மறு ஆண்டு வெளிவந்து, கறுப்பின இசைக்கான தரவரிசையில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வாலிபர்கள். பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் ஜானி ஓட்டிஸ். 1956-ல் எல்விஸ் அதே பாட்டைப் பாடினார். உலகமே அவர் பாட்டு என்று நினைத்துக்கொண்டது. தனக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பிற்காலத்தில் சொன்னார். அவர் எழுதிப் பாடிய இன்னொரு பாட்டு 'பால் அண்ட் செயின்'. 1967-ல் மான்டரே விழாவில் அதைப் பாடித்தான் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் ஒரே நாளில் புகழடைந்தார்.

இனி ஆண்டுகளை வரிசையாக வையுங்கள். எல்விஸ் 1986. லீபரும் ஸ்டோலரும் 1987. ஜானி ஓட்டிஸ் 1994. ஜானிஸ் ஜாப்ளின் 1995. பிக் மாமா தார்ன்டன் 2024. பாட்டை எழுதியவர், தாளம் போட்டவர், திரும்பப் பாடியவர், இன்னொரு பாட்டை எடுத்துப் பாடியவர் என எல்லாரும் போய் உட்கார்ந்து முடித்த பிறகு, கடைசியாக அந்தப் பாட்டின் குரல். அவர் 1984-ல், 57 வயதில், லாஸ் ஏஞ்சலஸின் ஒரு வாடகை விடுதியில் இறந்து நாற்பது வருஷம் கழித்து. அதுவும் 'இசைத் தாக்கம்' பிரிவில்.

ராக் காலத்துக்கு முந்தியவர் என்பதால் அந்தப் பிரிவு என்று யாராவது சொன்னால், அது நிற்காது. ஃபேட்ஸ் டாமினோ தன் முதல் பாட்டைப் பதிவு செய்தது 1949-ல். தார்ன்டனின் பாட்டுக்கு இரண்டரை வருஷம் முன்னால். அவர் முதல் ஆண்டே முன்வாசல் வழியாக வந்தவர். மடி வாட்டர்ஸ் நாற்பதுகளிலேயே பதிவு செய்தவர், அவரும் முன்வாசல். காலம் காரணம் இல்லை என்றால் வேறு எது காரணம்?

2019-ல் பேராசிரியரும் இசைப் பத்திரிகையாளருமான எவலின் மெக்டானல் உட்கார்ந்து எண்ணினார். அதுவரை கூடத்தில் இடம்பெற்ற 888 பேரில் பெண்கள் 69. நூற்றுக்கு எட்டுகூட இல்லை. இடம்பெற்றவர்களே அடுத்த ஆண்டு வாக்காளர்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆண்கள் தங்களுக்குத் தெரிந்த, தங்களோடு ஊர் சுற்றிய ஆண்களுக்கு வாக்களிக்கிறார்கள். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை; ஏற்பாடே அதைச் செய்துவிடும். அந்த ஆண்டு விழாவில் பாடகி ஜேனட் ஜாக்சன் தன் உரையை முடிக்கும்போது, அடுத்த ஆண்டு இன்னும் நிறையப் பெண்களைச் சேருங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். 2023 செப்டம்பரில் யான் வென்னர் தன் பேட்டித் தொகுப்பைப் பற்றிப் பேசினார். அதில் பேட்டி தந்த ஏழு இசைக்கலைஞர்களும் வெள்ளை ஆண்களாகவே இருப்பது ஏன் என்ற கேள்விக்கு, பெண்களும் கறுப்பினக் கலைஞர்களும் அந்த அளவுக்கு எடுத்துப் பேசக்கூடியவர்கள் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். மறுநாளே அறக்கட்டளை தன் நிர்வாகக் குழுவிலிருந்து அவரை நீக்கியது. செய்தது சரி. ஆனால் அந்தக் காதுதான் பல ஆண்டுகள் அறக்கட்டளையின் தலைமை நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

மாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். அதே 2023-ல் கேட் புஷ், ஷெரில் க்ரோ, மிஸ்ஸி எலியட் மூவரும் முன்வாசல் வழியாகவே வந்தார்கள். மிஸ்ஸி, கூடத்தில் இடம்பெற்ற முதல் பெண் ஹிப் ஹாப் கலைஞர். கேட் புஷ்ஷுக்கோ, 1985-ல் அவர் பாடிய பாட்டு ஒரு டிவி தொடரால் 2022-ல் உலகெங்கும் மறுபடி ஒலித்த பிறகுதான் கதவு திறந்தது. அந்தத் தொடர் வராமல் இருந்தாலும் அவர் பாட்டில் ஒரு சுரம்கூடக் குறைந்திருக்காது.

எனக்கு ஒரு வாக்குச்சீட்டு கிடைத்தால் நான் கேட்பது ஒரே கேள்வியாகத்தான் இருக்கும்: இவரை எடுத்துவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களில் யார் யார் வேறு மாதிரி வாசித்திருப்பார்கள்? இதற்கான சாட்சி பல நேரம் கூடத்துக்குள்ளேயே கிடைக்கிறது. 1992-ல் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கூடத்தில் சேர்க்கப்பட்ட இரவு, ஏற்புரையில் தன் சிறுவயதின் விருப்பப் பாடகர் என்று ஒருவர் பெயரைச் சொன்னார். ரொசெட்டா தார்ப். அறை முழுக்க நிறுவனத் தலைவர்களும் வாக்காளர்களும் உட்கார்ந்திருந்த இரவு அது. கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அதற்குப் பிறகும் 26 வருஷம். இடையில், ஃபிலடெல்பியாவில் பெயர்கூட இல்லாமல் கிடந்த அவர் புதைகுழிக்கு, 2008-ல் ரசிகர்கள் கச்சேரி நடத்திக் காசு சேர்த்தபிறகுதான் கல் வைக்க முடிந்தது. கல்லறைக்கல் வந்து பத்து வருஷம் கழித்துப் புகழ்க்கூடம் வந்தது.

தகுதி என்பதில் காலமும் சேர்த்திதான் என்று நான் சொல்வது இதனால்தான். 2025-ல் 'இசைச் சிறப்பு'க்குத் தேர்வான கேரல் கே, அறுபதுகளில் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டுடியோ கலைஞர். 90 வயதில், விழாவுக்கு வரமாட்டேன் என்று எழுதினார். ஸ்டுடியோ கலைஞர்கள் அந்த நாட்களில் சேர்ந்து செய்த வேலையை இந்த விருது காட்டவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

அதே ஆண்டு முன்வாசல் வழியாக வந்த ஒருவர் சப்பி செக்கர். 1960-ல் அவர் பாட்டால் 'ட்விஸ்ட்' நடனம் உலகத்தை ஆட்டிவைத்தது. அந்தப் பாட்டு இரண்டு வேறு வேறு ஆண்டுகளில் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. 2001-ல், பல வருஷம் காத்துச் சலித்து, பில்போர்ட் பத்திரிகையில் காசு கொடுத்து ஒரு பக்கம் வாங்கி, புகழ்க்கூடத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எனக்குக் கொடுக்கவேண்டிய பூவை நான் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள், செத்த பிறகு அதை என்னால் முகர முடியாது என்று அதில் கேட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 59. பூ வந்து சேர்ந்தபோது 84.